தொடர்பு அறுந்த நாளில் ஒரு குரல்



"பாதர், உங்க கையில இருக்கிற பேப்பருல எங்க வீட்டு ஆளு பேரு இருக்கா?"

2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றில் நாங்கள் இருந்தபோது, காலை முதல் இரவு வரை கேட்ட கேள்வி இது. நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்து போயிருந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் இருண்டு கிடந்தது. கைப்பேசிகள் ஒன்றொன்றாக அணைந்தன. அணையாதவற்றிலும் 'சிக்னல்' இல்லை. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் பல, எச்சரிக்கை வருவதற்குப் பல நாள்களுக்கு முன்பே கரையை விட்டவை. அவற்றுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. அவர்கள் செய்தி நமக்கு வரவும் வழியில்லை. சில படகுகள் இலட்சத்தீவுக்கும், கர்நாடக, மகாராஷ்டிரக் கரைகளுக்கும் ஒதுங்கியிருந்தன. உயிரோடு கரையேறிய மனிதர்கள் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், அவர்கள் வீட்டுப் பெண்கள் இங்கே ஆலய முற்றத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். திரும்பி வராதவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் திரும்பி வரவிருந்தவர்களின் வீடுகளிலும் அந்த நாள்கள் துக்க வீடாகவே கழிந்தன.

பேரிடர் வரும்போது முதலில் அறுவது தொடர்புதான். அறுந்த தொடர்பை எதைக் கொண்டு முடிச்சுப் போடுவது என்பதைப் பற்றிச் சிறிது விரிவாகவே இங்கே எண்ணிப் பார்ப்போம்.

நம் கையில் இருக்கும் கைப்பேசியும் ஒரு சிறிய வானொலிதான். அது அருகிலுள்ள டவரோடு மட்டுமே பேசும். அந்த டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வேண்டும்; சாலையில் மரம் விழுந்து கிடந்தால் டீசல் போகாது. டவர் நின்றுகொண்டிருந்தாலும் அதை மற்ற உலகோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கம்பி எங்கோ ஒரு பாலத்தடியில் அறுந்திருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தாலும், ஓர் ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது பாதை அடைத்துக்கொள்ளும். 2017 செப்டம்பரில் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது அங்கிருந்த கைப்பேசி நிலையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் செயலிழந்தன. பணக்கார நாடான அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அவசரப் பணியாளர்களின் தொடர்பும் பெரும்பாலும் இதே மின்சாரத்தையும், இதே கோபுரங்களையும் நம்பியிருப்பதால், அவர்களும் நம்மோடு சேர்ந்தே ஊமையாகிவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் உதவிக்கு வருவது பழைய சிற்றலை வானொலி. இதை நடத்துகிற தன்னார்வலர்களை 'ஹாம்' என்று உலகெங்கும் அழைக்கிறார்கள். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறி வைத்துக்கொண்டு, ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகப் பேசிப் பழகுகிறவர்கள் இவர்கள். ஒரு மேசை வானொலிப்பெட்டி அளவுள்ள கருவி, ஒரு கார் பேட்டரி, இருபது மீட்டர் கம்பி. இவ்வளவுதான் நிலையம். இரண்டு தென்னைமரங்களுக்கு இடையே கம்பியைக் கட்டினால் போதும். நடுவில் டவர் கிடையாது, நிறுவனம் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பலர் கேட்பதுண்டு. நமக்கு மேலே, வளிமண்டலத்தின் உயர்ந்த பகுதியில், கதிரவனின் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் பட்டு மீண்டும் பூமிக்குத் திரும்புகிறது. அதனால் மலையும் கடலும் அதற்குத் தடையில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கம்பியை உயரமாகக் கட்டினால் அலை சாய்வாகப் போய் மிகத் தொலைவில் விழும். அமெரிக்கா கேட்கும், ஆனால் அடுத்த மாவட்டம் கேட்காது. தாழ்வாக, ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரத்தில் கட்டினால், அலை நேராக மேலே போய், குடையிலிருந்து நீர் வழிவதுபோல் சுற்றிலும் முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு இறங்குகிறது. பேரிடரில் வேண்டியது இதுதான். நாகர்கோவிலில் இருப்பவர் மதுரையோடும் திருச்சியோடும் பேச வேண்டும்; அமெரிக்காவோடு பேசி என்ன பயன்? பகலில் ஏழு மெகாஹெர்ட்ஸ், இரவில் அதற்குப் பாதியான மூன்றரை மெகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசையை மாற்றிக்கொள்வார்கள். கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி இன்னொரு வகை. அது நேர்கோட்டில் மட்டுமே போகும். ஊருக்குள் முகாமுக்கும் மருத்துவமனைக்கும் இடையே பேச அது போதும்.

நம் நாட்டில் இதன் பயனை எல்லாரும் கண்டது 2004 டிசம்பர் 26 அன்று. நமக்கு அது திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. வேளாங்கண்ணியிலும் நாகையிலும் குளச்சலிலும் அன்று நடந்ததை இங்கே மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நமக்கு முன்பே அடி வாங்கிய அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பாரதி பிரசாத் என்னும் பெண்மணி அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது) ஓர் ஓட்டலில் தங்கியிருந்தார். தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் வானொலி பேசப் பல ஆண்டுகளாக யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்கள் அந்த அரிய தொடர்புக்காகக் காத்திருந்தார்கள். அவரும் குழுவினரும் இரவு பகலாக அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தபால்தலை சேர்ப்பவர்கள் அரிய தபால்தலைக்கு அலைவதைப் போன்ற ஒரு விளையாட்டு அது. உண்மையைச் சொன்னால், நம்மில் பலர் அன்று அதைக் கேள்விப்பட்டிருந்தால் 'வேலையற்ற வேலை' என்றுதான் சொல்லியிருப்போம்.

26ஆம் தேதி காலை இந்திய நேரம் 6.29 மணி அளவில் நிலம் அதிர்ந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த அதே கருவியை அவர் சற்று நேரத்தில் அவசர நிலையமாக மாற்றினார். பிறகு துணை ஆணையர் அலுவலகத்திலேயே நிலையம் அமைக்கப்பட்டது. சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே கார் நிக்கோபார் தீவு சிதைந்து கிடந்தது. அங்கிருந்த விமானப்படைத் தளத்திலேயே வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். குழுவைச் சேர்ந்தவர்கள் கருவிகளோடு அந்தத் தீவுக்குப் போய் அங்கும் ஒரு நிலையத்தை நிறுவ, இரு தீவுகளுக்கும் இடையே குரல் ஓடத் தொடங்கியது. எந்த முகாமில் எத்தனை பேர், என்ன மருந்து வேண்டும், யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்திகள் போயின. தலைநிலத்தில் இருந்த உறவினர்களின் விசாரிப்புகள் வந்தன. அந்தத் தீவுகளில் நம் தமிழ் மக்கள் ஏராளம் என்பது நமக்குத் தெரியும். "உயிரோடு இருக்கிறான்" என்ற இரண்டு சொல் கிடைத்த வீடுகளில் எத்தனை நம் வீடுகளோ!

அதே நாள்களில் இலங்கையிலும் வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கும் இடையே சிற்றலையில் இணைப்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். நம் அண்டை மாநிலத்திலும் 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரிந்தபோது, ஹாம் தன்னார்வலர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் நிலையம் அமைத்து உதவினார்கள்.

இத்தனையையும் சொல்லிவிட்டு, சுனாமி நாளின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அன்று காலை கார் நிக்கோபார் தளத்திலிருந்து, தீவு மூழ்குகிறது என்ற செய்தி சிற்றலை வழியே சென்னையிலிருந்த விமானப்படைப் பிரிவுக்கு எட்டு மணிக்குள் வந்து சேர்ந்தது என்று விமானப்படைத் தளபதியே பின்னர் கூறினார். நம் கரையை அலை அடித்தது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. இடையில் ஒரு மணி நேரம் இருந்தது. வானிலைத் துறை 8.54க்கு அனுப்பிய தொலைநகலோ, பதவியில் இல்லாத பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வானொலி தன் வேலையைச் செய்தது. அந்தச் செய்தியை வாங்கிக் கரையில் நின்றவரிடம் சேர்க்க யாரையும் அன்று நாம் பழக்கி வைத்திருக்கவில்லை. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அப்போது நம் நாட்டில் சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 2007இல்தான் ஐதராபாத்தில் அது அமைந்தது. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

கருவியைவிடப் பழக்கம் முக்கியம் என்று அனுபவம் மிக்க வானொலியாளர்கள் சொல்வது இதனால்தான். அவர்கள் செய்தி அனுப்பும் முறையைப் பார்த்தால் ஒரு துறவு மடத்தின் ஒழுங்கு தெரியும். பத்து நிலையங்கள் ஒரே அலைவரிசையில் இருக்கும்போது ஒருவர் மட்டுமே தலைமை நிலையம். அவர் கூப்பிடும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. ஒருவர் பேசி முடித்து, "ஓவர்" சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் யார் குரலும் கேட்காது. ஒவ்வொரு செய்திக்கும் எண், நேரம், அனுப்புநர், பெறுநர் உண்டு. செய்தியில் எத்தனை சொற்கள் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுவார்கள். கேட்டவர் எழுதி, எண்ணிப் பார்த்து, திரும்பப் படித்துக் காட்டுவார். ஒரு சொல் குறைந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து. உயிர் காக்கும் செய்தி முதலில், நலம் விசாரிக்கும் செய்தி பிறகு.

பெயர்களில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். ஒக்கி நாள்களில் எங்கள் கையிலிருந்த பட்டியலில் அந்தோணி ஒன்பது பேர், சேவியர் ஆறு பேர். அரசுப் பட்டியலில் ஓர் அந்தோணி மீட்கப்பட்டதாக வந்தது. எந்த அந்தோணி? ஒன்பது வீட்டாரும் ஓடி வந்தார்கள். எட்டு வீட்டார் திரும்பிப் போனதைப் பார்க்க நமக்கு மனவலிமை போதவில்லை. தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், படகின் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார் என்ற நான்கும் அன்று நம் ஏட்டில் இருந்திருந்தால் அந்த அலைச்சல் நேர்ந்திருக்காது. அன்பியக் குடும்பப் பதிவேட்டில் திருமுழுக்குத் தேதி இருந்தது, உறுதிப்பூசுதல் தேதி இருந்தது. யார் எந்தப் படகில் போகிறார் என்பது மட்டும் இல்லை.

காணாமற்போனோரின் பெயரை வானொலியில் வாசிப்பது நம் திருச்சபைக்குப் புதிதன்று. மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியை 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் தொடங்கி வைத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, சிறைப்பட்ட வீரர்களைப் பற்றியும் காணாமற்போனவர்களைப் பற்றியும் குடும்பங்களுக்குச் செய்தி சொல்லும் பணியை அது ஏற்றது. 1940 முதல் 1946 வரை அவ்வாறு ஒலிபரப்பான செய்திகள் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேல். ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு வரி, அடுத்த பெயர். இந்தச் சலிப்பான பணியை ஆறு ஆண்டுகள் செய்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. நேபாளத்தில் பள்ளி நடத்திய இயேசு சபைக் குரு மார்ஷல் மொரான் அவர்களும் ஒரு ஹாம். அந்த நாட்டிலிருந்து பேசிய ஒரே வானொலிக் குரலாகப் பல ஆண்டுகள் இருந்தவர். மலையேறும் குழுக்களின் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தவர். தூய மாக்சிமிலியன் கோல்பேயும் உரிமம் பெற்ற வானொலியாளரே. ஹாம் வானொலியாளர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கருதுகிறார்கள்.

வானொலி எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கதிரவனில் ஒரு பெருஞ்சுடர் வெடித்தால் பகல் நேரச் சிற்றலை சில மணி நேரம் செத்துப்போகும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் கரீபியன் தீவுகளைத் தாக்கிய அதே வாரத்தில் அப்படித்தான் நடந்தது. நம் படகுகளில் உள்ள வயர்லெஸ் செட் வேறு வகை. அது பூமியின் வளைவைத் தாண்டாது. நான்கு மீட்டர் உயரக் கம்பம் உள்ள இரு படகுகள் ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்குள்தான் பேச முடியும். முப்பது மீட்டர் உயரமுள்ள ஆலயக் கோபுரத்தில் கம்பத்தை வைத்தாலும் படகோடு பேசும் தூரம் 30 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. நம் ஆள்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறார்கள். அங்கே செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிதான் தீர்வு. ஒக்கிக்குப் பிறகு இதில் முன்னேற்றம் உண்டு. நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவி, உங்கள் குரல் கேட்டுவிட்டது என்ற பதிலையும் படகுக்கு அனுப்புகிறது. ஒரு இலட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தையும் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படகில் பொருத்திய கருவியைச் சார்ஜ் இல்லாமல் வைத்திருந்தால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

உரிமமின்றி வானொலியில் பேசுவது குற்றம் என்பதையும் நம் இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் மலிவாக வாக்கி டாக்கி விற்கிறார்கள் என்று வாங்கிப் பேசத் தொடங்கினால், காவல்துறையின் அலைவரிசையில் இடையூறு நேரிடலாம். தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். கடினமான தேர்வன்று, கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை.

எங்கள் பங்கில் இளையோர் இயக்கத்தைச் சேர்ந்த இருவர், அவர்களில் ஒருவர் பாலிடெக்னிக்கில் படித்த பெண், அந்தத் தேர்வை எழுதித் தேறினார்கள். உரிமம் கையில் வர நெடுநாள் ஆயிற்று. அன்பியங்கள் சேர்ந்து பணம் போட்டுப் பழைய கருவி ஒன்றை வாங்கினோம். மணிக்கூண்டுச் சுவருக்கும் புளியமரத்துக்கும் இடையே கம்பி கட்டினோம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, மின்சாரத்தை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் பேசிப் பழகுவது என்பது ஏற்பாடு.

முதல் மாதம் ஊரே கூடி நின்றது. பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. முந்தின வாரத் திருவிழா நவநாளுக்கு மைக் செட்டுக்காக யாரோ பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய், தீர்ந்த பேட்டரியை அப்படியே திருப்பி வைத்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் அந்தப் பேட்டரி பங்கு இல்லத்தில் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த மாதம் மதுரையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிவாகவே வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஓர் அம்மா, ஒக்கியில் மகனை இழந்தவர், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்தார்.

"பாதர், இது கடல்ல இருக்கிறவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காது அம்மா."

"பின்ன யாருக்குக் கேக்கும்?"

"கரண்டும் போனும் இல்லாதப்ப மதுரையில ஒருத்தருக்குக் கேக்கும். கரையேறினவங்க பட்டியல் அவர் வழியா நம்ம ஊருக்கு வரும். நம்ம பட்டியல் அவர் வழியா வெளியே போகும்."

அவர் சிறிது நேரம் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எங்க சின்னவன் போற போட்டுல உள்ள பதினொரு பேரையும் எழுதிக்கிடுங்க" என்றார். ஏட்டை எடுத்துவரச் சொன்னோம். படகின் பெயரில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்த்து, அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண்பிள்ளை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துக் காட்டினாள்.